முப்பத்தோரு காய்

ஜெயராணி: ...மறுபடியும் எண்ணிட்டேன்ணே. மரம் வெட்டுன பக்கம் நாப்பது செங்காந்தப் பூவுல முப்பத்தொண்ணு காய்.

காத்தவராயன்: அடேயப்பா... ஜாஸ்தியா இருக்கே! வெட்டாத பக்கம்?

ஜெயராணி: அங்கயும் நாப்பது பூ, பதினெட்டுதான் காய்.

காத்தவராயன்: சிதம்பரத்துலேர்ந்து பஸ் புடிச்சு வந்து, மூணு மாசமா நம்ம ஐயனார் காட்டுப் பூவையே மொறச்சுப் பாத்தீங்க. நல்ல சேதிதானே மேடம்? மூஞ்சி ஏன் தொங்குது?

ஜெயராணி: மரம் போனா வெயில் உள்ள வரும், பூ நெறைய பூக்கும். ஆனா தேன்சிட்டு, வண்ணத்துப்பூச்சி ஒண்ணும் தங்காது. காய் புடிக்காது, வெதை விழாதுன்னு நெனச்சேன். இப்ப...

காத்தவராயன்: இப்ப?

ஜெயராணி: வெட்டுனதால ஒண்ணும் கெடலன்னு எழுதணும். நாளைக்கிக் கடலூர் பாரஸ்ட் ஆபீசுல குடுக்கணும். அடுத்த வாரமே மீதிக் காட்டுக்கும் ரம்பம் வந்துரும்.

காத்தவராயன்: ஐயோ... வேணாம், வேணாம்!

ஜெயராணி: என்னண்ணே? மண்டபத்துக்கு எடம் வேணும், வெட்டலாம்னு மொத கையெழுத்துப் போட்ட பஞ்சாயத்துத் தலைவரே நீங்கதானே?

காத்தவராயன்: அந்தக் கைதான் மேடம்... அதே கைதான்... சிரிக்கக் கூடாது.

ஜெயராணி: சொல்லுங்க.

காத்தவராயன்: மரம் விழுந்ததும் மனசு கேக்கல. பூவெல்லாம் வெறும பூத்து, வெறும காஞ்சுச்சா... கரூர் பக்கம் இத வயல்ல போடுறவங்க மகரந்தத்தக் கையால தொட்டு வைக்கிறத யூடியூப்ல பாத்தேன். எம் பொண்ணோட பெயிண்ட் பிரஷ்ஷத் தூக்கிக்கிட்டு...

ஜெயராணி: நீங்களா!

காத்தவராயன்: அம்பத்திரெண்டு வயசு, நூத்திப்பத்து கிலோ... உலகத்துலயே பெரிய வண்ணத்துப்பூச்சி நான்தான். சட்டையெல்லாம் மஞ்சப் பொடி. யார் வீட்டு நலுங்குக்குப் போயிட்டு வரேன்னு எம் பொண்டாட்டி தில்லையம்மா கேட்டா.

ஜெயராணி: எண்ணுறதுக்குன்னு நான் சீட்டு கட்டுன பூவையா தொட்டீங்க?

காத்தவராயன்: சீட்டெல்லாம் கட்டியிருந்துச்சா... பெரிய எடத்துப் பூவு போலன்னு அதத்தான் மொதல்ல தொட்டேன்.

ஜெயராணி: கடவுளே...

காத்தவராயன்: பாவத்தக் கழுவப் போயி மீதிக் காட்டுக்கும் நானே ரம்பம் வச்சிட்டேன். தலைவன் ஒரு முட்டாள்னு எழுதுங்க, கையெழுத்துப் போட்டுத் தரேன். அதுலதான் நமக்குப் பழக்கமாச்சே.

ஜெயராணி: எத்தன பூ தொட்டீங்க?

காத்தவராயன்: இருவது. அதுக்கு மேல இடுப்பு குனிய விடல. இருவதும் காய்!

ஜெயராணி: நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. பத்தொம்போதா இருக்காதா? ஒண்ணாவது கொறையாதா...

காத்தவராயன்: சரியா இருவது. அட... அப்ப மீதி பதினொண்ணு? பூச்சி திரும்பி வந்துடுச்சா! பதினொண்ணுன்னா சும்மாவா மேடம்!

ஜெயராணி: பூச்சி ஒண்ணுகூட வரலண்ணே... அந்தப் பதினொண்ணும் உங்கள மாதிரியே மனசு கேக்காம நான் தொட்டது. நாளைக்கி உள்ளபடி, தானா புடிச்ச காய் சைபர்னு எழுதிடுறேன், மீதிக் காடாவது பொழைக்கட்டும்... கீழ முட்டாள்னு ரெண்டு கையெழுத்து வேணும்.