மூன்றாம் மாடியின் ஒரே பிளக் பாயின்ட்

கழிவறையில் உட்கார்ந்து வீடியோ பார்க்க முடியவில்லை என்றால் மனிதர்கள் எவ்வளவு கேவலமாகப் பேசுவார்கள் என்பது, குடியிருப்போர் சங்கத்தில் செயலாளராக இருந்து பார்த்தால்தான் தெரியும். எங்கள் கட்டடம் முழுவதற்கும் ஒரே வைஃபை. ரவுட்டர் தரைத்தளத்தில் என் வீட்டில் இருக்கிறது. இரண்டாம் மாடியைத் தாண்டினால் படம் நின்று வட்டம் சுற்றும். எனக்கு 'வட்டம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒருநாள் சாப்பிடக் கூப்பிடும்போது என் மனைவியே அப்படித்தான் கூப்பிட்டாள், ஐயா. அது எனக்கு வலித்தது.

சிக்னலை வாங்கி மேலே தள்ளுகிற ரிப்பீட்டர் ஒன்றை வாங்கினேன். அதை எங்கே வைப்பது என்று கைபேசியை நீட்டிக்கொண்டு வீடு வீடாக நுழைந்து பார்த்தேன். தோதான சுவர் ஒன்றே ஒன்றுதான். மூன்றாம் மாடியில், லாரி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் படுத்திருந்த அறையில். அங்கே இருந்ததும் ஒரே பிளக் பாயின்ட். அதில் அவருடைய ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மகள் தையல் வேலை செய்பவள். தங்கமான பெண்.

"அண்ணே, வேற எது வேணும்னாலும் கேளுங்க. அந்த பாயின்ட்ல மட்டும் கை வைக்காதீங்க. அது நின்னா அப்பா நின்னுடுவாரு" என்றாள்.

"அட, எனக்குத் தெரியாதாம்மா?" என்றேன். தெரியும். இதை நீங்கள் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளலாம், ஐயா.

மறுநாள் மருந்து வாங்கப் போனபோது, என்னை நம்பித்தான் அவரை விட்டுவிட்டுப் போனாள். சும்மா செருகிப் பார்ப்பதில் என்ன குடி முழுகிவிடப் போகிறது? பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரிப்பீட்டரைச் செருகினேன். கரண்டு போனதும் மெஷின் கீ கீ என்று கத்தியது. பின்பக்கம் ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் வாயை மூடிக்கொள்ளும். அமுக்கினேன். அவசரத்துக்கு என்று வைத்திருந்த சிலிண்டர் மூலையில் நின்றது. அதில் என் பையை மாட்டினேன்.

பச்சை விளக்கு எரிந்தது. சங்கத்தின் கைபேசிக் குழுவில் பாராட்டு கொட்டத் தொடங்கியது.

"சார், அஞ்சாவது மாடில சும்மா பிச்சுக்கிட்டுப் போகுது."

"உங்களுக்குச் சிலையே வைக்கலாம் சார்."

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்வதுதானே மரியாதை. சொன்னேன். பெரியவர் கட்டிலைத் தட்டினார். "கொஞ்சம் பொறுங்க பெரியவரே, டெஸ்டிங் போயிட்டிருக்கு" என்றேன். மறுபடியும் தட்டினார். அப்புறம் தட்டவில்லை. புரிந்துகொண்டுவிட்டார் என்று நினைத்தேன். என் ஆயுளில் யாரும் என்னை அப்படிப் புகழ்ந்ததில்லை, ஐயா. அந்தச் சந்தோஷத்தில் பிளக்கைப் பிடுங்க மனம் வரவில்லை.

மகள் திரும்பி வந்தபோது அவர் உடம்பு சூடாகத்தான் இருந்தது. அவள் என் சட்டையைப் பிடித்து உலுக்கியதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பெற்ற அப்பன் போய்விட்டால் யாருக்கும் நிதானம் தவறும்.

"ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ரெண்டையும் மாட்டியிருக்கலாமேய்யா" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பாக்ஸ் இருந்தது, என் பைக்குள்ளேயே. ஆனால் தரையில் வயர் கிடந்து, வயதானவர் கால் தடுக்கி விழுந்துவிட்டால் நாளைக்கு யார் பதில் சொல்வது?