கேட்கும் திறன்: பத்துக்குப் பத்து

செட் வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் விலையைக் கேட்பார்கள். நான் குமிழைத் திருப்பிப் பார்ப்பேன். மேசையில் நிரந்தரமாக வைத்துப் பேசுகிற ஹாம் ரேடியோ செட்டில் ஒருவரின் கை நாளெல்லாம் கிடப்பது அந்தப் பெரிய குமிழின் மேல்தான். எண்ணெய் விட்ட கீல் மாதிரி ஓசைப்படாமல் சுற்ற வேண்டும்; விட்ட இடத்தில் நிற்க வேண்டும். என்னுடையது அப்படித்தான் சுற்றுகிறது. இந்த செட்டைப் பற்றி நான் எழுதிய மதிப்புரையின் முதல் பத்தியிலேயே இதைச் சொல்லியிருந்தேன். செந்தமிழ்செல்வன் அவர்களே, நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மதிப்புரையோடு நான் அனுப்பிய மூன்றாவது ஒலித்துண்டைப் பற்றி மட்டும் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். சங்கத்தின் செயலாளர் கேட்டால் உறுப்பினர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ஆகவே எழுதுகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். புதிய குழு உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் சுப்பராயலு. கம்மாபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம். சிதம்பரத்தில் பம்புசெட் கடை வைத்திருக்கிறேன். சுனாமிக்கு முந்தின வருஷமே தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கிவிட்டேன். ஆனால் சொந்த செட் இல்லை. மட்டமான செட்டை வாங்குவதைவிடக் காத்திருப்பது மேல் என்பது என் கொள்கை.

சின்னதம்பிக்கு அப்படிக் கொள்கை எதுவும் கிடையாது. தாழங்குடாக்காரர். கடலூர் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜினும் படகு வயர்லெஸ்ஸும் பழுது பார்க்கிறவர். கழித்துப் போட்ட ரேடியோக்களிலிருந்து பாகங்களைப் பிடுங்கி, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் தானே ஒரு செட் கட்டியிருந்தார். சுனாமி வந்தபோது போன் எல்லாம் செத்துக் கிடக்க, லாரி பேட்டரியில் அந்த டின்னை ஐந்து நாள் ஓட்டி, எந்தக் குப்பத்துக்கு அரிசி வேண்டும், எங்கே குளோரின் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஜனவரிக் கூட்டத்தில் அவருக்கு சால்வை போர்த்தினீர்கள். நானும் கை தட்டினேன். என்னிடம் அன்று ஒரு செட் இருந்திருந்தால் அந்த சால்வை யார் தோளுக்குப் போயிருக்கும் என்று யோசித்தேன் என்பது உண்மை. அதை யாரிடமும் சொன்னதில்லை.

2011 மே மாதம் என் செட் வந்தது. ஜப்பானில் செய்தது. நூறு வாட். வண்ணத் திரை. இரைச்சலை வடிகட்டப் பத்து நிலைகள். கேட்பதை அப்படியே பதிவு செய்துகொள்ள ஒரு மெமரி கார்டு. நம் மாவட்டத்தில் அப்படி ஒன்று அதுவரை இல்லை. நீங்களே போன் செய்து, நம் சங்க மடலுக்கு ஒரு மதிப்புரை எழுதுங்கள், ஆனால் அவசரப்படாதீர்கள், நன்றாகப் புழங்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்றீர்கள். அந்த வார்த்தையை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன் என்பதையும் குழு கவனிக்க வேண்டும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வானலைக் கூடுகையில் அவரவர் செட்டில் நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருக்க, என் குரல் எப்படி வருகிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். எல்லோரும் அருமை என்றார்கள். சின்னதம்பி முறை வந்தது.

"சத்தம் ஜாஸ்தியாத்தான் வருது சார். ஆனா தகர டப்பாவுக்குள்ள தலைய வுட்டுக்கினு பேசுற மாதிரி இருக்குது. மைக்கு செட்டிங்க கொஞ்சம் பாருங்க."

நாற்பது பேரும் சிரித்தார்கள். பிஸ்கட் டின்னில் பேசுகிறவர் என்னைத் தகர டப்பா என்றதுதான் வேடிக்கை என்று பிறகு எனக்கே விளக்கினார்கள். நான் மைக் செட்டிங்கைப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். சரி செய்துவிட்டேன். மதிப்புரையில் அதைக் குறிப்பிடவில்லை, ஏனென்றால் அது செட்டின் குறையல்ல.

டிசம்பர் கடைசிக்குள் ஒரு பகுதியைத் தவிர எல்லாம் எழுதி முடித்திருந்தேன். மிச்சம் இருந்தது, மிகவும் பலவீனமான சிக்னலை இந்த செட் எப்படிக் கேட்கிறது என்பது. செட் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தச் சிரமம் புரியும். பலவீனமான சிக்னல் நாம் வேண்டும்போது கிடைக்காது. கிடைத்தாலும் இரண்டு நிமிஷத்தில் ஆள் போய்விடுவார். ஒரே இடத்திலிருந்து, ஒரே சக்தியில், மணிக்கணக்கில் ஒருவர் பேசிக்கொண்டே இருந்தால்தான் பத்து நிலைகளையும் ஒழுங்காக ஒப்பிட முடியும். அப்படி யார் பேசுவார்கள்?

முப்பதாம் தேதி காலையில் தானே புயல் கரையைக் கடந்தது. முந்தின நாளே ஆன்டெனாவை இறக்கிப் பத்திரப்படுத்தியிருந்தேன். காற்று தணிந்ததும் ஒன்பது மணிக்கு ஏற்றிவிட்டேன். சென்னையிலிருந்து வினோத்குமார் அவசரகாலக் கூடுகையை நடத்திக்கொண்டிருந்தார். கடலூரில் முகாமிட்டிருந்த மீட்புக் குழுவோடு அவரிடம் சாட்டிலைட் போன் தொடர்பு இருந்தது. சிதம்பரத்தில் என் வேலை, சென்னைக்கு எட்டாத குரல்கள் கரையோரத்திலிருந்து வந்தால் கேட்டு, சென்னைக்கென்று ஒதுக்கிய வேறு அலைவரிசையில் சொல்வது. செட்டைப் பார்த்துத்தான் அந்தப் பொறுப்பைத் தந்தார்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

செட்டை ஓடவிட்டபோது நான் அசந்துபோனேன். மாவட்டம் முழுக்கக் கரண்ட் இல்லை. மோட்டார் இல்லை, டியூப்லைட் இல்லை, மின்கம்பியின் கரகரப்பு இல்லை. அலைவரிசை அவ்வளவு சுத்தமாக இருந்து நான் கேட்டதே இல்லை. அப்படி ஒரு நாள் இனி வாய்க்காது என்று தோன்றியது. இன்வெர்ட்டரில் நாலு மணி நேரம் தாங்கும்.

ஒன்பது நாற்பதுக்கு அந்தக் குரல் வந்தது. சிக்னல் மீட்டரின் முள் அசையவே இல்லை, ஆனால் சொற்கள் தெளிவாக இருந்தன.

"தாழங்குடாலேர்ந்து சின்னதம்பி. வீட்டுச் செவுரு வுழுந்துடுச்சி. ராஜாமணி அடியில மாட்டிக்கினு இருக்குது. பேசுது. நல்லாத்தான் பேசுது. ரோட்டுல மரம் வுழுந்து கெடக்குது, வண்டி வராது. ரம்பமும் ஜாக்கியும் வேணும். யாருக்காவது கேக்குதா?"

ராஜாமணி அவர் மனைவி. சங்க விழாக்களில் வறுத்த மீனோடு வருவார்கள், எல்லோருக்கும் தெரியும்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அதைக் குழு நம்ப வேண்டும். ஆனால் இரைச்சல் வடிகட்டியை மூன்றாம் நிலையில் வைத்து அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். நாலாம் நிலையையும் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று பட்டது. நாலு உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஐந்தில் இன்னும் சுத்தம். ஏழில் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் ஆகி, 'ராஜாமணி' என்பது 'ஆஜாமணி' என்று கேட்டது. "ஏழாம் நிலைக்கு மேல் மெய்யெழுத்துகள் மழுங்குகின்றன" என்று நான் எழுதியது இதை வைத்துத்தான். நீங்கள் அந்த வரியைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள்.

பத்து மணிக்கு வினோத்குமார் கேட்டார், "சிதம்பரம், கரையோரத்துல யாராவது இருக்காங்களா?"

நான், "யாரும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.

இரண்டாவது வாக்கியம் பொய் இல்லை. முதலாவதற்குக் காரணம் இருக்கிறது. உதவி கிளம்பிவிட்டது என்று தெரிந்தால் சின்னதம்பி கூப்பிடுவதை நிறுத்திவிடுவார். மைக்கை வைத்துவிட்டு மண்ணை அள்ளப் போய்விடுவார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். எனக்கு அப்போது இன்னும் மூன்று நிலைகள் மீதி இருந்தன.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்ததால் என் மனைவி மகேஸ்வரி ஈரத் துணியைக் கையில் வைத்தபடி வாசற்படியில் வந்து நின்றாள்.

"ஏங்க, யாரோ பொம்பள மாட்டிக்கினு இருக்குன்னு சொல்றாரே?"

"ஒத்திகை" என்றேன். "புயல் சமயத்துல இப்படிப் பேசிப் பேசிப் பழகுவாங்க."

"ஒத்திகையிலயா அழுவாங்க?"

"சிலபேர் நல்லா பண்ணுவாங்க."

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். வீட்டு இரைச்சல் இருந்தால் அளவு சரியாக வராது. ஹெட்போனில் இந்த செட் இன்னும் ஒரு படி மேல் என்பதையும் அப்போதுதான் கண்டேன்.

பத்தரை மணிக்கு மேல் சின்னதம்பி பொதுவாகக் கூப்பிடுவதை விட்டுவிட்டு ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். உங்கள் பெயரும் வந்தது, செந்தமிழ்செல்வன். ஏழாவதாகவோ எட்டாவதாகவோ என் பெயர்.

"சிதம்பரம் சுப்பராயலு சார். உங்க செட்டு பெரிய செட்டு சார். உங்களுக்குக் கேக்காம இருக்காது. கேக்குதா சார்? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

ஏழு மாதத்தில் அவர் என் செட்டைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. எனக்கு சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன், அவர் கஷ்டத்தில் இருந்தார். ஒரு நிறைவு என்று சொல்லலாம். நாற்பது பேர் கேட்கச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அன்று கேட்டது நான் ஒருவன்தான். அதனால்தான் பதிவு செய்துகொண்டேன்.

வினோத்குமார் கால்மணிக்கு ஒருதரம் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் அதே பதிலைச் சொன்னேன். முதல் முறை சொன்னதை நாலாவது முறை மாற்றிச் சொன்னால், இதுவரை என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார்கள் அல்லவா? மீட்புக் குழுவின் வண்டி பதினொன்று பத்துக்கு வேறு பக்கம் போயிற்று. அங்கேயும் மரங்கள் விழுந்திருந்தன. அங்கேயும் மனிதர்கள்தான் இருந்தார்கள்.

பதினொன்றரைக்குப் பிறகு அவருடைய பேட்டரி இறங்கியது. இது நான் எதிர்பாராத வாய்ப்பு. சிக்னல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதை எந்த மதிப்புரையிலும் யாரும் அளந்து எழுதியதில்லை. பதினொன்று ஐம்பத்துநாலுக்கு, "பேசுது, இன்னும் பேசுது" என்று கேட்டது. அதன் பிறகு ஒன்றுமில்லை. மூன்றாவது ஒலித்துண்டு அந்த இடம்தான். நாலு விநாடி. ஊர் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை. கவனமாகத்தான் வெட்டினேன். அவர் மகள் இலக்கியா கல்லூரி கம்ப்யூட்டரில், நம் மடலின் இணையப் பக்கத்தில் அதைக் கேட்டு, அது தன் அப்பாவின் குரல் என்று அடையாளம் கண்டுகொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு தேய்ந்த குரலிலும் ஆளைத் தெரிகிறது என்றால் அது பதிவின் தரத்தைத்தான் காட்டுகிறது.

ஊர்க்காரர்கள் கடப்பாரையால் சுவரை நெம்பி ராஜாமணியை வெளியே எடுத்தபோது மணி ஒன்று. இரண்டரைக்கு அந்த அம்மா இறந்துவிட்டார்கள். கருமாதிக்குப் போயிருந்தேன். சாமந்தி மாலை வாங்கிப் போனேன். புயலுக்குப் பிறகு பூ கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். மகேஸ்வரியும் வந்தாள். அங்கே பெண்கள் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மறுவாரம் திருவந்திபுரத்தில் இருக்கிற தன் தங்கை வீட்டுக்குப் போனவள் இன்னும் வரவில்லை. அந்தப் பக்கம் கரண்ட் சீக்கிரம் வந்துவிட்டது, அதனால் இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மறைத்தேன் என்று யாரும் பேசக்கூடாது.

பிப்ரவரியில் ஒரு நாள் சின்னதம்பி கடைக்கு வந்தார். அந்த பிஸ்கட் டின்னைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"எதுல தப்புன்னு பாத்துச் சொல்லுங்க சார். நான் கட்டுன செட்டு. ரெண்டு மணி நேரம் கத்துனேன், ஒருத்தருக்கும் எட்டல. எங்க தப்பு பண்ணேன்னு தெரிஞ்சா போதும்."

மூன்று நாள் வைத்திருந்து, முறையாக, ஒவ்வொரு பகுதியாகச் சோதித்தேன். பிறகு அவரை உட்காரவைத்து, அனுப்புகிற பகுதி அன்றைக்கே எரிந்துபோயிருக்கிறது, நீங்கள் பேசியது உங்கள் வீட்டு வாசலைக்கூடத் தாண்டியிருக்காது, யார் மேலும் தப்பில்லை என்றேன். ஆறுதலுக்காகத்தான் சொன்னேன். யாருக்கோ கேட்டிருக்குமோ என்ற எண்ணத்தோடு ஒரு மனிதன் எத்தனை நாள் இருக்க முடியும்? அவர் டின்னைத் திரும்பவும் துண்டில் சுற்றினார். "அப்போ என் கைதான் சார் அவள கொன்னுருக்குது" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. துக்கத்தில் இருப்பவர்களிடம் வாதம் செய்யக்கூடாது. அன்று சாயங்காலமே கெடிலம் ஆற்று முகத்துவாரத்தில் அதை வீசிவிட்டாராம். லைசென்ஸையும் புதுப்பிக்கவில்லை.

அந்த செட்டில் பழுது எதுவும் இல்லை. நாலு வாட், சுத்தமான குரல், அலைவரிசை நூல் பிடித்தாற்போல் நின்றது. நான் சோதித்தவற்றில் இவ்வளவு நேர்த்தியாகக் கட்டிய செட்டைப் பார்த்ததில்லை. ஒன்பது நாற்பதிலிருந்து பதினொன்று ஐம்பத்துநாலு வரை அவர் சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்டது.

இதற்கு முந்தின பத்தியை மட்டும் மடலில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்கும் திறனுக்கு நான் என் செட்டுக்குப் பத்துக்குப் பத்து கொடுத்திருக்கிறேன். இதைப் படிப்பவர்கள், அதில் பாதிப் பெருமை அவர் செட்டுக்குச் சேர வேண்டும் என்று நினைத்துவிடுவார்கள்.