எண்பத்திரண்டு கிலோ, அசையாத எடை

பகல் தூக்கம் நல்ல பழக்கம். என் மாமனார் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குச் சாய்ந்தால் நாலு மணிக்குத்தான் கண் விழிப்பார். இடையில் இடி விழுந்தாலும் இமை அசையாது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் சார், நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். அந்தத் தூக்கத்தின் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை என்பதிலிருந்து தொடங்குவதுதான் முறை.

நான் வீட்டிலேயே ஒரு மின்சார ஸ்கேட்போர்டு செய்கிறேன் என்பது நம் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். முதலில் பெல்ட் வைத்த மோட்டார் போட்டேன். மூன்று முறை செய்தும் பலகை நகரவில்லை. மாமனார் ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆய்வாளர். முப்பத்தோரு வருடம் லிஃப்ட்களில் ஏறி இறங்கி, தேர்ச்சி அல்லது தேர்ச்சி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர். மூன்றாவது முறை என் மனைவி, மச்சான், எதிர்வீட்டு டெய்லரம்மா எல்லோரும் நிற்கும்போது சொன்னார்: "மாப்ளே, நீங்க செய்யற எதுவும் நகராது. உங்க ராசி அப்படி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. அன்று வியாழக்கிழமை, மணி ஐந்து இருபது.

அப்புறம்தான் நேரடி மோட்டார் வாங்கினேன். இதில் பெல்ட் கிடையாது, பல்சக்கரம் கிடையாது. மோட்டாரே சக்கரத்தின் அச்சில் உட்கார்ந்து சுற்றும். சத்தமே வராது. ஆனால் பாரம் ஏற்றாமல் சோதித்தால் மோட்டாரின் யோக்கியதை தெரியாது. மணல் மூட்டை வைத்தேன். வளைவில் சரிந்து கொட்டியது. மச்சானை ஏறச் சொன்னேன். அவன் தன் உயிரைப் பற்றி ஏதோ சொன்னான். நானே ஏறினால் மடிக்கணினியில் வரும் எண்களை யார் பார்ப்பது? எண்பது கிலோவுக்குக் குறையாமல், இரண்டு மணி நேரம் ஆடாமல் அசையாமல் இருக்கிற எடை வேண்டும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோமே என்று அப்போதுதான் உறைத்தது. மாமனார் எண்பத்திரண்டு கிலோ.

அவர் தூங்குவது கார் நிறுத்துமிடத்தில், காற்று வரும் மூலையில், தன் சாய்வு நாற்காலியில். நான் அதன் கால்களை அறுத்தேன். இரண்டு பலகைகளை இணைத்து, நாலு மோட்டார் பொருத்தி, மேலே நாற்காலியை வைத்து போல்ட் போட்டேன். ஓட்டவும் திருப்பவும் என் கையில் ரிமோட். பாதுகாப்பு விஷயத்தில் நான் கறார். பழைய கார் ஒன்றிலிருந்து சீட் பெல்ட்டைக் கழற்றி மாட்டினேன்.

"என்ன மாப்ளே, நாற்காலி தணிஞ்சு போச்சு?"

"முதுகுக்கு நல்லது மாமா."

"பெல்ட் எதுக்கு?"

"அதுவும் முதுகுக்குத்தான்."

மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டார். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் மனசு நெகிழ்கிறது.

முதல் சோதனை பத்து மீட்டர். நோட்டில் எழுதியிருக்கிறேன்: மோட்டார் சூடு நாற்பத்தொரு டிகிரி, தூக்கம் கலையவில்லை. இரண்டாவது, குடியிருப்பை ஒரு சுற்று. ஐந்தாவதில் வேகத்தடை மேல் ஏற்றினேன். குறட்டையின் சுருதி மாறியது, அவ்வளவுதான். ஒன்பதாவது மழையில். குடை கட்டியிருந்தேன், நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் அல்ல. பதினொன்றாவதில் டெய்லரம்மா தையலை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, உங்க மாமனார் இப்பதான் பின்பக்கமாவே போனாரு."

"டாக்டர் தினமும் ஒரு ரவுண்டு போகச் சொல்லியிருக்காருக்கா."

"அப்படியா, போகட்டும்" என்று மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

பதினேழு சோதனைகள். பதினேழும் வெற்றி. ஆனால் தினமும் நாலு மணிக்கு அவர் எழுந்து டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்பார்: "என்ன மாப்ளே, இன்னைக்காவது நகர்ந்துச்சா?" மச்சான் சிரிப்பான். கேட்பவர் சற்றுமுன் மூன்று கிலோமீட்டர் பயணம் செய்துவிட்டு வந்தவர். எப்படிச் சொல்வது? அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. இதை மட்டும் மறைக்க விரும்பவில்லை.

பதினெட்டாவது சோதனைக்கு வருகிறேன். இந்த வண்டிக்குத் தனி பிரேக் கிடையாது. நிறுத்தும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். அந்த இழுப்பில்தான் வண்டி நிற்கும். பேட்டரி முழுக்க நிறைந்திருந்தால் வாங்கிக்கொள்ளாது. வயிறு முட்டச் சாப்பிட்டவன் தட்டின்மேல் கையை வைத்து மறிப்பதுபோல. அதனால் சரிவில் இறக்கும்முன் பேட்டரி எண்பது சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இதைச் செய்கிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது மறந்து மாட்டிக்கொள்வார்கள். நானும் மறந்துவிட்டேன் என்றுதான் போன வாரம் உங்களிடம் சொன்னேன்.

நாற்காலி வாசல் சரிவில் இறங்கியது. கேட்டைத் தாண்டித் தெருவைக் கடந்தது. தெருவில் ஒரு லாரி, இரண்டு ஸ்கூட்டர்; எல்லோரும் பொறுப்பாக பிரேக் பிடித்தார்கள். எதிரே பல் மருத்துவமனையின் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. வரவேற்பு மேசையில் முட்டித்தான் நின்றது. சொத்தைப் பல்லைக் காட்டப் பயந்து இரண்டு வருடமாக நாளைக் கடத்தியவர் அவர். வீட்டார் ஒருவழியாகக் கட்டி அனுப்பிவிட்டார்கள் என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டார். நான் மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சேர்வதற்குள் பல் வெளியே வந்துவிட்டது.

நான் மறக்கவில்லை சார். காலையிலிருந்து சார்ஜரில் போட்டு நூறு சதவீதம் ஏற்றியது நான்தான். வண்டி பத்தடியில் நின்றிருந்தால், யாரோ தள்ளிவிட்டார்கள் என்று மாமா சொல்லியிருப்பார். இன்னொன்றும் செய்தேன். சரிவின் உச்சியில் அவர் தோளைத் தட்டி எழுப்பினேன். கண்ணைத் திறந்ததும் சொன்னேன்: "மாமா, நகருது பாருங்க."

வாயில் பஞ்சு இருந்ததால் அவரால் பேச முடியவில்லை. மருந்துச் சீட்டின் பின்னால் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்: நகர்கிறது. நிற்கவில்லை. தேர்ச்சி இல்லை. முதல் வார்த்தையைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பழிவாங்கிவிட்டேன் என்கிறாள் என் மனைவி. எனக்கு யார்மேலும் வன்மம் கிடையாது. தேர்ச்சி பெறாத எந்த லிஃப்டையும் மறுசோதனை செய்யாமல் அவர் விட்டதில்லை. அதுதான் என் கவலை. பேட்டரியை எழுபத்தைந்தில் வைத்திருக்கிறேன். நாற்காலி என்றாலே இப்போது நடுங்குகிறார், உள்ளே கட்டிலில்தான் தூங்குகிறார். கட்டிலுக்கு நாலு கால் இருக்கிறது, என்னிடம் நாலு மோட்டார் இருக்கிறது.