வாசலுக்கு எதிரே வாசல்

மறையூரிலிருந்து மூணாறு போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் பெருமையாகச் சொன்னார்: "சண்டை போடத் தோதா வீடு கட்டித் தாங்கன்னு மீட்டிங்ல கேட்டுட்டேன்க்கா."

பக்கத்தில் இருந்த மூத்தவர் சிரித்துவிட்டார். "என்னடி சொல்ற?"

"எஸ்டேட் லயத்து வரிசை வீடுகள இடிச்சிட்டுப் புது வீடு கட்டப் போறாங்கல்ல? பிளான்ல எங்க வாசலுக்கு நேரா முன் வரிசையோட பின்சுவரு. காலம்பூரா சுவத்தயா பாத்துக்கிட்டு இருக்கிறது? நடுவுல தெரு விட்டு, வாசலுக்கு வாசல் பாக்குற மாதிரி கட்டுங்கன்னேன். அப்படிக் கட்டினா தினமும் சண்டை வரும்னாரு ஓவர்சியர். வரட்டும் சார், சமாதானம் ஆகவும் எதிர்ல ஆள் வேணும்லன்னேன்."

"ஒத்துக்கிட்டாரா?"

"சம்மதம் உள்ளவங்க கை தூக்குங்கன்னாரு. ஒருத்தரும் அசையல. எனக்கு அழுகையே வந்திருச்சு. அப்ப பின்னாலருந்து ஒரு கை ஒசந்துச்சு. பாத்தா நம்ம செல்வி!"

"தண்ணிக் குழாய்ச் சண்டையிலருந்து உன்கூடப் பேசாம இருந்தாளே, அவளா?"

"அவளேதான். அவளப் பாத்து எல்லாரும் தூக்கிட்டாங்க. பிளான மாத்தி வரைஞ்சாச்சு."

"எதிர் வீடு யாருக்கு?"

"அவளுக்குத்தான். மீட்டிங் முடிஞ்சு வெளிய வந்ததும் என் கையப் புடிச்சுக்கிட்டு, 'உன்கூடப் பேசாம எனக்கு வாயே புளிச்சுப் போச்சுடி'ன்னா."

"நீ என்ன சொன்ன?"

"என்னைய எங்க பேச விட்டா, அக்கா? லயம் வந்து சேர்ற வரைக்கும் அவதான் பேசினா!"