நீராவி ராஜராஜனுக்கு இளநீர் கொடுத்தவர்

ஸ்டேஷனில் கொடுத்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். மற்றபடி குறையில்லை. இன்ஸ்பெக்டர் கோகிலவாணி மேடம் மின்விசிறியையும் என் பக்கம் திருப்பி வைத்தார். ஆகவே நிதானமாகவே எழுதுகிறேன்.

என் பெயர் சுந்தரராமன். ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். ஊரப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர். ஒன்பது வருடமாக நோட்டீஸ் போர்டில் ஒட்டிய ஒவ்வொரு வரியும் என்னுடையது. ஒருவரும் படித்ததில்லை.

மூன்றாவது மாடி ரோஹிணி ஞாயிற்றுக்கிழமைகளில் படம் வரைவாள். ராஜராஜ சோழனுக்கு வெல்டர் கண்ணாடி, தோளில் பித்தளைக் குழாய், கிரீடத்தில் குக்கர் விசில். ஔவையாரின் கைத்தடியில் பல்சக்கரம். எல்லாவற்றையும் குடியிருப்பின் பொது ஹாலில் மாட்டினோம்.

"ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு குட்டிக் கதை எழுதிக் குடுங்க அங்கிள். ஜாலியா இருக்கணும்" என்றாள்.

எழுதினேன். ராஜராஜன் படத்துக்குக் கீழே ஒட்டிய அட்டையில், அவனுடைய நீராவித் தேர் கொதிகலன் வற்றி எங்கள் ஏரிக்கரையில் நின்றுவிட்டதாகவும், ஊர்க்காரர் ஒருவர் நாற்பது இளநீர் வெட்டி ஊற்றித் தேரைக் கிளப்பிவிட்டதாகவும்.

முதல் வாரமே ஜெயக்கொடி வந்தார். எங்கள் குடியிருப்பு நிற்கும் நிலம் முன்பு அவர் குடும்பத்து வயல். அட்டையை இரண்டு முறை படித்தார்.

"இளநீ குடுத்தது நம்ம முப்பாட்டன்தான் சார். எங்க வூட்டாண்ட இன்னும் தென்னமரம் கீது, வந்து பாரு."

மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. அடுத்த மாதம் கோயில் திருவிழாவில் என் அட்டையைக் காட்டித்தான் அவர் பரிவட்டம் கட்டிக்கொண்டார். தலைமுறை தலைமுறையாக அந்த மரியாதை வாங்கிவந்த குடும்பத்துப் பெரியவர் சம்பந்தம், வெறுந்தலையோடு தேர்ச்சக்கரத்தின் பக்கம் நின்றார். பிறகு ஜெயக்கொடி எங்கள் குடியிருப்பிலேயே எனக்கு விழா அறிவித்தார். பொன்னாடை, 'வரலாற்றுச் செம்மல்' பட்டம். என் எழுத்தைப் படித்த முதல் மனிதர் அவர்.

விழாவன்று மாலை ரோஹிணி வந்தாள். "விளையாட்டா எழுதினது அங்கிள். அந்த சம்பந்தம் தாத்தா கோயிலுக்கே வர்றதில்லையாம். 'எல்லாமே கற்பனை'ன்னு போர்டு எழுதிட்டேன். மேடையில நானே சொல்லிடறேன். உங்களுக்குக் கஷ்டமா இருக்காது."

கஷ்டமாக இருக்காதாம். முன்வரிசையில் ஜெயக்கொடி, அவர் பின்னால் முந்நூறு நாற்காலி, வாசலில் என் முகம் போட்ட பேனர். எனக்கு எந்தப் பக்கம் வழி இருந்தது? இதில் அடைபட்டது நான்தான் என்பதை மேடம் கவனிக்க வேண்டும்.

போர்டைக் காணோம் என்று தேடினாள். கீழே ஜெனரேட்டர் அறையில் இருக்கிறது என்றேன். அது உண்மை, அங்கே வைத்தவன் நான். அவள் செல்போன் மேடையோரம் சார்ஜில் இருந்தது. அவள் உள்ளே போனதும் வெளித்தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டினேன். பொன்னாடை போர்த்தியதும் திறந்துவிடுவதாகத்தான் இருந்தேன். இருபது நிமிட விஷயம்.

மேடைக்குப் பின்னால், கீழே ஜெனரேட்டர் அறைக்குக் காற்றுப் போக ஓட்டை ஓட்டையாக ஒரு சிமென்ட் ஜாலி உண்டு. அதன் வழியாகத் தட்டும் சத்தம் கேட்டது. மும்மூன்றாகத் தட்டினாள். "அங்கிள்" என்றும் கேட்டது. கோபமாக இல்லை, கதவு தானாக மாட்டிக்கொண்டது என்று நினைத்திருப்பாள் போலும்.

நான் பேச எழுந்ததும் கரண்ட் போயிற்று. மைக் இல்லாமல் என் குரல் கடைசி வரிசைக்கு எட்டாது. வாட்ச்மேன் பாலு மேடையோரம் இருந்த ஜெனரேட்டர் ஸ்விட்சில் கை வைத்துக்கொண்டு கேட்டான்: "சார், உள்ள யாராச்சும் கீறாங்களா? நீங்கதானே நோட்டீஸ் ஒட்டுனீங்க?"

புகைக்குழாய் உடைந்து புகை உள்ளேயே நிரம்புவதால் ஜெனரேட்டர் ஓடும்போது யாரும் அந்த அறைக்குள் இருக்கக் கூடாது என்ற நோட்டீஸ். பாலு படித்திருக்கிறான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"யாரும் இல்லப்பா, போடு" என்றேன்.

ஐம்பது நிமிடம் பேசினேன். முதல் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு ஜாலிப் பக்கம் தொந்தரவு இல்லை. நீராவித் தேர் கட்டத்தில் கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

பூட்டியது நான். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தே ஜெனரேட்டரைப் போடச் சொன்னதும் நான். மேலே உள்ளதில் ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை. மேடம் இரண்டு முறை படித்துவிட்டு, கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். ஒரே ஒரு திருத்தம். என் பெயருக்கு முன்னால் 'வரலாற்றுச் செம்மல்' விட்டுப்போயிருக்கிறது.