வல்லிபுரத்தாரின் தம்பி

உச்சி உருமம். வெயில் தலைக்கு நேர் மேலே நின்று காய்கிற நேரம். புத்தூரிலிருந்து வாதரவத்தைப் பக்கம் போகிற வெளி வீதி... ஒரு சனம் இல்லை, ஒரு குருவி இல்லை.

இரவில் கதை சொல்ல வந்துவிட்டு மத்தியானத்தில் தொடங்குகிறேனே என்று பார்க்காதீர்கள். இது மத்தியானத்தில்தான் நடந்தது. கிட்ட வந்து இருங்கள். சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை.

என் சிநேகிதன் பஞ்சலிங்கத்தின் சின்னம்மா ஞானாம்பிகைக்கு நடந்தது. அறுபத்துமூன்றாம் ஆண்டு. அவளுடைய புருஷன் தம்பிஐயா. அவனுடைய தமையன் வல்லிபுரம். தகப்பன் ஒன்று, தாய் வேறு.

வல்லிபுரத்தார் மாட்டுவண்டிச் சவாரியில் பெயர் எடுத்த மனிதர். மயிலை என்று ஒரு மாடு வைத்திருந்தார். அதற்குக் கம்பு ஓங்கியதே இல்லை. கல்யாணம் செய்யவில்லை. தகப்பன் செத்த பிறகு தம்பியை வளர்த்ததும், பெண் பார்த்துக் கட்டி வைத்ததும் அவர்தான். மத்தியானச் சாப்பாடு தம்பி வீட்டில். ஒழுங்கையில் வண்டி மணி கேட்டதும் ஞானாம்பிகை சோற்றுக் கோப்பையைக் கழுவி வைப்பாள். "பிள்ளை, பசிக்குது" என்றுகொண்டே வருவார்.

தம்பிஐயாவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "உவன் வல்லிபுரத்தாற்றை தம்பி." அவ்வளவுதான். ஒருமுறை சவாரியில் அவனும் கயிறு பிடித்தான். பாதியில் மாடு விலகிவிட்டது. சனம் சிரித்தது. தமையன் ஓடி வந்து, எல்லோருக்கும் முன்னால், அவன் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். நல்ல மனதோடுதான் வாங்கினார்... அதுதான் அவனுக்கு இன்னும் பொறுக்கவில்லை.

அந்த வைகாசியில் ஒரு காலை. தம்பிஐயா வெளிக்கிட்டான். வேலிப் படலையடியில் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

"இண்டைக்கு அண்ணைக்குச் சமைக்காதை."

"ஏன்? எங்கையும் போறாரோ?"

"வரமாட்டார்."

அவள் அரிசியைக் குறைத்துப் போட்டாள்.

மத்தியானம், பனங்காணிப் பக்கமிருந்து மாடு கத்துகிற சத்தம். மாடு அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. பிறகு தண்ணீரில் எதுவோ அடிக்கிற சத்தம்... நெடுநேரம். சனம் ஓடியது. அவளும் ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது அந்தச் சத்தம் நின்றிருந்தது.

பனங்காணிக்குள் ஒரு துரவு இருந்தது. கட்டில்லாத பழைய கிணறு. யாரும் விழாமல் சுற்றி முள் அடைத்திருந்தார்கள். அன்றைக்கு முள் இல்லை. வேலி அடைக்கிற தென்னோலைக் கிடுகுகள் கிழிந்து தண்ணீரில் மிதந்தன. வண்டி, மாடு, மனிதர்... எல்லாம் கீழே. மாட்டைத் தூக்கி எடுத்தபோது முதுகில் கம்படி பட்ட கோடுகள். புதுக் கோடுகள். மயிலை போக மறுத்திருக்கிறது. அவர் அடித்து ஓட்டியிருக்கிறார்.

கிடுகு காற்றுக்கு வந்து துரவை மூடியிருக்கும் என்றார்கள். முள்ளை யாரோ விறகுக்குக் கொண்டுபோயிருப்பார்கள் என்றார்கள். தம்பியைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை.

தம்பிஐயா ஒரு பனைக்குப் பின்னால் நின்றான். "இப்பத்தான் வந்தனான்" என்றான். அவன் காலடியில் சுருட்டுத் துண்டுகள். ஒன்று இன்னும் புகைந்துகொண்டிருந்தது. மற்றவை எப்போதோ அணைந்தவை. ஞானாம்பிகை அவற்றைப் பார்த்தாள்.

செத்தவீட்டில் சந்திக் கடைக்காரர் அவளைக் கண்டு திகைத்துப்போனார்.

"பிள்ளை, நீர் வருத்தம் கடுமையாய்ப் பாயோடை கிடக்கிறீர், அண்ணை வந்தால் சொல்லுங்கோ எண்டெல்லோ தம்பி கடையிலை சொல்லிவிட்டுப் போனவர்? அதைக் கேட்டுத்தானே மனுசன் குறுக்குப் பாதையாலை மாட்டை அடிச்சுக்கொண்டு ஓடினது!"

"எனக்கு ஒண்டுமில்லை" என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்குள் எதுவுமே அசையவில்லையாம். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. நாக்கில் உப்புத் தெரியவில்லை. சமைத்தாள். அவனுக்குப் போட்டுக் கொடுத்தாள். இரவில் அவன் பக்கத்தில் படுத்தாள்.

துரவைக் கல்லும் மண்ணும் கொட்டித் தூர்த்துவிட்டார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்தது.

மறுநாள் மத்தியானம். ஒழுங்கையில் வண்டி மணி.

படலை வரைக்கும் வந்து நின்றது. நனைந்த மாட்டு மணம்... பாசித் தண்ணீர் மணம். தம்பிஐயா சோற்றில் கை வைத்தபடி இருந்தான். வாய் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் மணி திரும்பிப் போனது. அவன் மிச்சத்தைச் சாப்பிட்டான். அவள் கோப்பையை எடுத்துக் கழுவினாள்.

அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். அவன் படலையைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினான். மாரி மழை வந்து போனது. மணி நிற்கவில்லை.

ஒருநாள் அது படலையடியில் நிற்காமல் உள்ளே வந்தது. முற்றத்தில், கிட்ட... மிகக் கிட்ட. படலை கட்டினபடியே இருந்தது.

"தம்பி... கை குடடா."

வாய்க்குள் தண்ணீர் நிறைந்தவர் பேசுகிற மாதிரி ஒரு குரல்.

தம்பிஐயா எழும்பினான். கழுவாத கையை நீட்டினான். "வாறன் அண்ணை" என்றான். சின்னப்பிள்ளை சொல்லுகிற மாதிரிச் சொன்னான். படலையை அவிழ்த்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கினான். கை முன்னே போனது. அவன் பின்னே போனான். ஒரு பக்கத் தோள் இழுபட்டு இழுபட்டுப் போனதாம்.

பின்னேரம் தேடிக் கண்டுபிடித்தார்கள். தூர்த்த துரவின் மேல் குப்புறக் கிடந்தான். உயிர் இல்லை. வலது கை தோள்மூட்டு வரை மண்ணுக்குள். சுற்றிவரக் கிண்டின அடையாளம் இல்லை. மாரிக்கு முளைத்த புல் அப்படியே நின்றது.

கிணறு வெட்டுகிற கனிசியஸ் வந்து அலவாங்கு போட்டு நெம்பினார். கல்லைக் கிளப்பியும் கை வரவில்லை. ஆட்கள் சேர்ந்து இழுத்தார்கள். வரவில்லை. களைத்துப்போய் எல்லோரும் விலகி நின்றார்கள். அப்போது அது தானாக மேலே வந்தது.

"நாங்கள் எடுக்கேல்லை" என்றார் கனிசியஸ். "உள்ளுக்கை இருந்த பிடி விட்டுது."

அதன் பிறகு ஞானாம்பிகை கொக்குவிலுக்கு, தமக்கை வீட்டோடு வந்துவிட்டாள். அதுதான் பஞ்சலிங்கத்தின் வீடு. நடந்ததெல்லாம் அவனுக்கு அவள் சொல்லித்தான் தெரியும். சொல்லும்போது குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை என்றான். கேட்டு முடிந்ததும் அவன் ஒரு கேள்வி கேட்டானாம்.

"சின்னம்மா, சித்தப்பா எழும்பி வெளிக்கிடேக்கை நீங்கள் பிடிச்சு மறிச்சிருக்கலாமே?"

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தமையன் முதல் என்னட்டைத்தான் வந்தவர். அடுப்படி வாசல்லை நிண்டு கேட்டவர். 'இவனைக் கூட்டிக்கொண்டு போகட்டோ, பிள்ளை?' எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டன்."