நாற்பது கல்

வைஷாலி, அந்த விளையாட்டில் கத்தரிக்காய் காய்க்க எட்டு மணி நேரம் ஆகும். நீ அம்மாவுக்கு டேப்லட்டில் போட்டுக் கொடுத்தாயே, தீவில் தோட்டம் போடுகிற விளையாட்டு, அதில்தான்.

அம்மா ஏன் டயாலிசிஸை நிறுத்தினாள் என்று பெர்த்திலிருந்து கேட்டு எழுதியிருந்தாய். ஐம்பத்தாறு வயதில் எழுத்துப் படித்தவன் நான். மெதுவாகத்தான் எழுத வரும்.

வாரத்தில் மூன்று நாள், புக்கிட் பாத்தோக்கில் ஆறு அடுக்குமாடி புளோக் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்து, அவளைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்துக் கிளமெண்டி டயாலிசிஸ் நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போவேன். நான்கு மணி நேரம் இயந்திரம் ஓடும். அவள் ஒரு கையால் கத்தரிக்காய் பறிப்பாள். ஆயிரம் கூடை சேர்ந்தால் தீவில் கலங்கரை விளக்கம் கட்ட ஒரு கல் கிடைக்கும்.

"நிறுத்திட்டா எத்தனை நாள் இருப்பேன் டாக்டர்?" என்று ஒருநாள் அவளே கேட்டாள்.

"ரெண்டு வாரம் தாங்கறதே கஷ்டம்மா."

"அப்ப விளக்கை ஏத்திட்டு நிறுத்திக்கிறேன். இன்னும் நாப்பது கல்லுதான் லா."

தாதி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதத்துக்கு இரண்டு கல்தான் அவளால் சேர்க்க முடியும். இன்னும் இருபது மாதம் தூக்க வேண்டும். என் இடுப்பு உனக்குத் தெரியும்.

தேக்காவில் போன் கடை வைத்திருக்கும் சேக் தாவூதிடம் டேப்லட்டைக் கொடுத்தேன். பாடுபடாமலே எல்லாம் கிடைக்கிற மாதிரி ஏதோ ஆப் இருக்கிறதாமே என்றேன்.

"இருக்குண்ணே. தனியா ஆடற கேம்தானே, யாருக்கும் நஷ்டமில்ல. ஆனா அப்புறம் ஆடறதுக்கு ஒண்ணும் இருக்காது. அக்கா திட்டப்போறாங்க."

"திட்டமாட்டா. போடு தம்பி."

மறுநாள் அவள் திறந்து பார்த்தாள். கலங்கரை விளக்கம் எரிந்துகொண்டிருந்தது. தோட்டம் முழுக்கக் காய். வெகுநேரம் பார்த்தாள்.

"நீங்களா?"

"உனக்குக் கை வலிக்குமேன்னுதான் ரத்தினம்மா."

"கை வலிக்குதுன்னு நான் சொன்னேனா?"

அவ்வளவுதான் கேட்டாள். டேப்லட்டை மூடித் தலையணைக்கு அடியில் வைத்தாள். அடுத்த முறை கிளமெண்டிக்குப் போக வேண்டிய காலையில், "வேண்டாங்க, விளக்குதான் எரிஞ்சிருச்சே" என்றாள். உன் இஷ்டம் என்றேன். பதினொரு நாள் இருந்தாள். நீ போன் செய்தபோதெல்லாம் தூங்குகிறாள் என்று சொன்னேன். பாதி நேரம் அது உண்மைதான்.

முடிவு எடுத்தது அவள். நான் அவளுடைய சிரமத்தைக் குறைக்கத்தான் பார்த்தேன். அதை நீ புரிந்துகொள்வாய்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அன்று காலை வேலை முடிந்து வந்ததும் சக்கர நாற்காலியை மடக்கிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன். அவள் கட்டிலில் இருந்தபடி அதைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொன்னது அதற்குப் பிறகுதான்.